சலங்கைக் கயிற்றைக் கட்டியவன்

வில்லாபுரம் கண்மாயின் உள்வாயில் உடைமுள்ளை வெட்டி, கரம்பையைத் தட்டி, ஒரு ஹாக்கித் திடல் போட்டவன் நான். மழை பெய்தால் அது தண்ணீருக்குள் போய்விடும். வற்றியதும் மறுபடி போட்டேன். வருஷா வருஷம் போட்டேன். கோல் கம்பத்துக்குப் பனஞ்சட்டம் இழைத்தவன் நான். கடைப் பந்து வாங்க வக்கில்லாத நாளில் மூங்கில் கிழங்கைக் கடைசல்காரனிடம் கொடுத்து உருட்டிப் பந்தாக்கச் சொன்னது என் யோசனை. கோல் காக்கிற பையனின் காலுக்குச் சாக்குக்குள் இலவம்பஞ்சை அடைத்துத் தைத்துக் கட்டியதும் நான்தான். தெற்குவாசல் சிறுவர் அணி என்று நீங்கள் இன்று பனியனில் எழுதிக்கொண்டு திரிகிறீர்களே, அதன் முதல் பதினொரு பேரையும் கறிக்கடை, தறிக்குழி, வண்டிப்பேட்டை என்று ஒவ்வோர் இடமாகப் போய்க் காதைப் பிடித்து இழுத்து வந்தவனும் நானே. வெள்ளைக்காரன் காலத்தில், கையில் காசில்லாமல், பின்னால் ஆளில்லாமல் செய்தேன். படித்தது மூன்றாம் வகுப்பு. அதையும் முடிக்கவில்லை.

என் அப்பன் திருமங்கலத்துக்குத் தெற்கே அடுத்தவர் வயலில் கூலிக்கு அறுத்தவர். நான் மதுரைக்கு மூட்டை தூக்க வந்தேன். விளையாட்டுச் சாமான் கடை ஒன்றில் ஸ்டிக்குக் கைப்பிடிக்கு நூல் சுற்ற ஆள் தேவை என்றார்கள். சுற்றினேன். சுற்றிய ஸ்டிக்கை எப்படிப் பிடிக்கிறார்கள் என்று பார்க்க மைதானத்துக்குப் போனேன். போனவன் திரும்பவில்லை. அவ்வளவுதான் என் பள்ளிக்கூடம்.

இதையெல்லாம் புதிதாகப் பயிற்சியாளர் வேலைக்கு வந்திருக்கும் தம்பிகளுக்குச் சொல்கிறேன். நீங்கள் என்னிடம் வந்தால் பந்தை எப்படி நிறுத்துவது, எப்படித் தள்ளுவது என்று கேட்கிறீர்கள். அதை எவனும் சொல்லித் தருவான். காலையில் முட்டை கொடுக்கலாமா, கடலை கொடுக்கலாமா என்று கேட்கிறீர்கள். எதையாவது கொடுங்கள். ஆனால் ஒரு விதியைப் போட்டுவிட்டு, அந்த விதி உங்கள் பையனின் கழுத்தையே பிடிக்கும்போது என்ன செய்வது என்று ஒருத்தனும் கேட்டதில்லை. கேட்காததால் நானே சொல்கிறேன்.

சிறுவர் போட்டி என்று ஊரில் ஆரம்பித்த காலத்தில் எங்களுக்கு வந்த பெரிய தலைவலி, யார் சிறுவன் என்பது. எவனுக்கும் வயது தெரியாது. பிறந்த பதிவு கேட்டால் சிரிப்பார்கள். பெற்றவர்களிடம் கேட்டால் அதைவிட மோசம். எங்கள் அணியில் சலீம் என்று ஒரு பையன். பழைய ஊருக்குள் தகர லாந்தர் செய்யும் பட்டறைக்காரரின் மகன். அவர் பட்டறையில் போய், "பாய், பையனுக்கு என்ன வயசு?" என்று கேட்டேன்.

"வைகையில பெரிய தண்ணி வந்துச்சுல்ல, அதுக்கு மறுவருசம் பிறந்தவன்ணே."

உள்ளேயிருந்து சலீமின் அம்மாவின் குரல். "அது பெரியவளுங்க. இவன் எதிர்வீடு தீப்பிடிச்ச வருசம்."

"எதிர்வீடு எப்ப தீப்பிடிச்சுச்சு?"

"அதான் சொல்றேன்ல, இவன் பிறந்த வருசம்."

இப்படிப் பதில் வாங்கிக்கொண்டு எந்தப் போட்டியை நடத்துவது?

நாங்களாவது நிஜமாகவே சின்னப் பையன்களைக் கொண்டுபோனோம். திருமங்கலத்து அணியைக் கூட்டிவந்தவன் பெரியகருப்பன். மாட்டுவண்டிகள் வைத்து வாடகைக்கு ஓட்டுகிறவன். எனக்கு ஒரு வகையில் உறவு. என்னை மாப்பிள்ளை முறை வைத்துத்தான் கூப்பிடுவான். அவன் அணியில் பின்னால் நின்று ஆடிய ஒருத்தனுக்குத் தாடையெல்லாம் பச்சை படர்ந்திருக்கும், காலையில் சிரைத்த மாதிரி. ஒரு நாள் பாதி ஆட்டத்தில் ஒரு பெண், இடுப்பில் பிள்ளையும் கையில் தூக்குச்சட்டியுமாகக் கோட்டோரம் வந்து நின்றது.

"யாரைத்தா தேடுற?" என்றேன்.

"இந்தப் பிள்ளையோட அப்பாவ" என்று மைதானத்துக்குள் கையைக் காட்டியது.

பெரியகருப்பனைப் பிடித்து இழுத்துக் காட்டினேன். அவன் அசரவில்லை. "எங்க ஊர்ல வெள்ளனமே கட்டி வச்சுருவாக மாப்ள. கல்யாணம் ஆனா பெரிய மனுசனா? நீயே சொல்லு, உனக்குக் கல்யாணமாகி எம்புட்டு வருசமாச்சு, இன்னும் புத்தி வந்துருக்கா?"

போட்டியை நடத்திய ஹாக்கிச் சங்கத்தின் கூட்டத்தில் இதைச் சொன்னேன். செயலாளர் பட்டம் வாங்கியவர். நாற்காலியில் அவரும் இன்னும் நான்கு பேரும். நான் கதவோரம் நின்றேன். அந்தக் காலத்தில் எனக்கு அங்கே நாற்காலி கிடையாது. செயலாளர் நெடுநேரம் யோசித்துவிட்டு, ஆளுக்கொரு ஜாதகம் கொண்டுவரச் சொல்லலாம் என்றார். வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை.

"ஐயா, எங்க டீம்ல பாதிப் பேரு பாய் வீட்டுப் பிள்ளைக. அவுக ஜாதகத்துக்கு எங்கிட்டுப் போவாக? மிச்சப் பேருக்குக் கோயில் வாசல்ல உக்காந்திருக்க ஜோசியர் கேட்ட வயசுக்கு எழுதிக் குடுத்துருவாரு."

"அப்ப நீர்தான் சொல்லுமே மூக்கா" என்றார் செயலாளர், கிண்டலாக.

சொன்னேன். வயதைக் கேட்காதீர்கள், உயரத்தைப் பாருங்கள் என்றேன். இரண்டு கம்பு ஊன்றி, நாலடி பத்தங்குலத்தில் ஒரு கயிறு. கயிறு முழுக்க மாட்டுச் சலங்கை. பையன் வெறுங்காலோடு, நிமிர்ந்து, அதன் கீழே நடந்து போகவேண்டும். தலை பட்டுச் சலங்கை அடித்தால் வெளியே. ஜாமீன் வேண்டாம், சாட்சி வேண்டாம். காது கேட்கிற எல்லோரும் நடுவர்.

நாற்காலிக்காரர்கள் சிரித்தார்கள். பிறகு வேறு வழி தெரியாமல் ஒத்துக்கொண்டார்கள். கம்பு ஊன்றியது நான். அளவெடுத்துக் கயிறு கட்டியது நான். சலங்கையைப் பெரியகருப்பனின் வண்டிமாட்டுக் கழுத்திலிருந்தே வாங்கினேன், அப்போதுதான் அவன் சலங்கை சரியில்லை என்று பின்னால் வாதாட மாட்டான்.

விதி போட்டால் அன்றைக்கே ஓட்டையும் பிறக்கும் என்பதை அந்த முதல் நாளில் பார்த்தேன். எதிர் அணிகளில் பாதித் தலை மொட்டை. கேட்டால் பழனிக்கு வேண்டுதல் என்றார்கள். ஒரே வாரத்தில் அம்புட்டுப் பேருக்கும் என்ன வேண்டுதலோ. ஒருத்தன் நீளக் கால்சட்டைக்குள் முழங்காலை மடக்கிக்கொண்டு வாத்து மாதிரி நடந்தான். கால்சட்டையைத் தொடை வரை சுருட்டிவிட்டு வா என்று திருப்பி அனுப்பினேன். இன்னோர் ஊர்க்காரர்கள் காலையிலிருந்து பையன் தலையில் நெல் மூட்டையை ஏற்றி நடக்கவிட்டுக் கழுத்தை உள்ளே அமுக்கிக்கொண்டு வந்தார்கள். அவன் கயிற்றைத் தாண்டிவிட்டான். ஆனால் ஆட்டம் முழுக்கக் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. பந்து பக்கத்தில் போனால் உடம்போடு சேர்ந்து திரும்பினான். பெரியகருப்பன் முதல் ஆட்டத்துக்குத் தம்பியை நடக்கவிட்டு, அடுத்த ஆட்டத்தில் அதே பெயரில் அண்ணனை இறக்கினான். அதைப் பிடித்த பிறகு நான் இன்னொன்று போட்டேன்: ஒவ்வோர் ஆட்டத்துக்கும் முன்னால் எல்லோரும் கயிற்றின் கீழ் நடக்கவேண்டும்.

அந்த இரண்டாவது விதிதான் என் பையனைப் பிடித்தது.

அந்த வருஷம் போட்டி கார்த்திகையில் ஆரம்பித்தது. மழையில் நின்றது. மார்கழியில் ரம்ஜான் நோன்பு வந்தது. எங்கள் பிள்ளைகள் பாதிப் பேர் நோன்பு என்பதால் கடைசி ஆட்டத்தைத் தைக்குத் தள்ளிவைத்தார்கள். கடைசி ஆட்டம் எங்களுக்கும் திருமங்கலத்துக்கும். சலீம் எங்களுக்கு சென்டர் ஹாஃப். அதாவது நடுவில் நின்று பின்னாலிருந்து வரும் பந்தை வாங்கி முன்னால் பிரித்துக் கொடுப்பவன். மற்ற பத்துப் பேரும் ஓடினால் இவன் ஒருத்தன்தான் பார்ப்பான்.

பெருநாளுக்கு மறுநாள் வாழ்த்துச் சொல்லப் பட்டறைக்குப் போனேன். சலீம் உள்ளேயிருந்து வெளியே வந்தவன் வாசலில் தொங்கிய லாந்தரில் நெற்றியை இடித்துக்கொண்டான். முன்பெல்லாம் அந்த லாந்தருக்கு அடியில் நுழைந்து ஓடுகிற பையன்.

"பாத்தீங்களாண்ணே" என்றார் அவன் அத்தா, சந்தோஷமாக. "பெருநாளைக்குத் தச்ச கால்சட்டை அதுக்குள்ள மேல ஏறிருச்சு."

நோன்பு நோற்ற பையன் இளைப்பான் என்று பார்த்தால் இவன் வளர்ந்து நிற்கிறான். யாரிடம் போய்ச் சொல்வது?

இதில் கப்பு மட்டும் என்றால் எனக்குப் பெரிய கவலை இல்லை. திருச்சிப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றின் விளையாட்டு வாத்தியார் சலீமைப் பற்றிக் கேள்விப்பட்டு, கடைசி ஆட்டம் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார். பிடித்துப்போனால் தங்க இடம், சோறு, படிப்பு எல்லாம் அந்தப் பள்ளிக்கூடமே பார்த்துக்கொள்ளும். சலீமின் அத்தா அதற்கு ஒரு கணக்கு வைத்திருந்தார். "அந்த வாத்தியார் தன் கண்ணால பாத்து, இவன் வேணும்னு கேக்கட்டும், அனுப்புறேன். இல்லைன்னா பட்டறையில உக்காரட்டும். எனக்கும் கை வேணும்ல." நியாயமான மனுஷர். ஆகவே சலீம் அன்று ஆடினால் பள்ளிக்கூடம், ஆடாவிட்டால் தகரம். நடுவில் நான் கட்டிய கயிறு.

ஆட்டத்தன்று ஊர் மைதானத்தில் கூட்டமான கூட்டம். அதிகாரி ஒருவர் கப்புக் கொடுக்க வருகிறார் என்று பந்தல். நான் கம்பை ஊன்றிக்கொண்டிருந்தபோது செயலாளர் வேர்த்து விறுவிறுத்து வந்தார். அவருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது.

"மூக்கா, கூட்டம் பூரா அந்தப் பையனைப் பார்க்கத்தான் வந்திருக்கு. கயிற்றை ஒரு விரல்கடை ஏத்திக் கட்டும்."

"ஏத்திருவோம்யா. அடுத்த வருசம் எம்புட்டு ஏத்தணும்னு இப்பவே சொல்லிருங்க, நீளக் கம்பா வெட்டியாரேன்."

"உம்ம பையனுக்காகத்தானே சொல்றேன்."

"எம் பையன்னுதான்யா யோசனையா இருக்கு."

அவர் போனதும் பெரியகருப்பன் வந்தான். சண்டைக்கு வருகிறான் என்று நினைத்தேன். அவன் சண்டைக்கு வந்திருந்தால் எனக்குச் சுலபம். தோளில் கை போட்டான்.

"மாப்ள, உம் பையன் போகட்டும். நான் வாயே திறக்கமாட்டேன். எம் பயலுக ரெண்டு பேரு அங்கிட்டு வேப்பமரத்தடில நிக்கிறானுக. அவனுகளும் போகட்டும். சலங்கை எம் மாட்டுச் சலங்கைதான, நான் சொன்னா சத்தம் போடாது."

வேப்பமரத்தடியைப் பார்த்தேன். இரண்டு பேரில் ஒருத்தன் சுருட்டுப் பற்றவைத்துக்கொண்டிருந்தான்.

தம்பிகளே, இந்த இடத்தைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். செயலாளர் சரி என்கிறார். எதிராளி சரி என்கிறான். கூட்டம் அதைத்தான் விரும்புகிறது. பையனின் வாழ்க்கையும் அதில்தான் இருக்கிறது. தப்பு என்று சொல்ல அங்கே ஒரு ஆள் இல்லை. எல்லோரும் சேர்ந்து உங்களைக் கெடுக்க வரும்போது, கெட்ட முகத்தோடு வரமாட்டார்கள். நல்ல மனதோடு வருவார்கள். எனக்கு ஸ்டிக்கைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்த ஒரு கிழவர். ஆட்டத்துக்கு விசில் ஊதுவார். "ஊதுறதுக்கு முன்னாடி எம்புட்டு வேணாலும் யோசி. ஊதிட்டு யோசிச்சேன்னா நீ செத்தடா" என்பார். நான் கயிறு கட்டிய அன்றே ஊதிவிட்டேன். இனி யோசிக்க எனக்கு உரிமை இல்லை. நாலடி பத்தங்குலத்திலேயே முடிச்சுப் போட்டேன்.

எங்கள் பையன்கள் வரிசையாக வந்தார்கள். சலீம் கடைசி. கயிற்றுக்கு முன்னால் நின்று என்னைப் பார்த்தான்.

"அண்ணே, கொஞ்சம் குனியவா?"

"நிமிந்து வா."

"நிமிந்தா அடிக்கும்ணே."

"அடிக்கட்டும்டா. வா."

வந்தான். அடித்தது. மைதானம் பூராவும் கேட்டது. தாண்டிப் போய்விடுவான் என்று பார்த்தால் அப்படியே கயிற்றின் கீழே நின்றுவிட்டான். அவன் உடம்பு நடுங்கிற நடுக்கத்தில் சலங்கை விடாமல் கிணுகிணு என்கிறது. யாரோ ஒருவன், எங்கள் தெருக்காரன்தான், என்மேல் செருப்பை எறிந்தான். நான் சலீமைக் கையைப் பிடித்து இந்தப் பக்கம் இழுத்துக்கொண்டேன். பெரியகருப்பன் வேப்பமரத்தைப் பார்த்துத் தலையை ஆட்டினான். அந்த இரண்டு பேரும் பக்கத்தில்கூட வரவில்லை.

சிறுவர் ஆட்டம் ஆரம்பித்தது. நான் பார்க்கவில்லை. பார்த்து என்ன ஆகப்போகிறது, நடுவில் ஆளில்லாத அணி எப்படி ஆடும் என்று எனக்குத் தெரியாதா? வாத்தியார் பந்தலில் உட்கார்ந்திருக்கிறார். சாயங்கால ரயிலுக்குப் போய்விடுவார். என் மூளை வேறெங்கோ ஓடியது. சிறுவர் ஆட்டம் முடிந்ததும், கப்புக் கொடுப்பதற்கு முன்னால், பெரியவர்கள் ஆட்டம் ஒன்று உண்டு. ஒரு பக்கம் போலீஸ்காரர்கள், இன்னொரு பக்கம் ரயில் வேலைக்காரர்களும் ஊர்க்காரர்களும் கலந்த அணி. அந்த ஊர் அணிக்குத் தலைவன் ரயில் எஞ்சினுக்குக் கரி அள்ளுகிறவன். பந்தலுக்குப் பின்னால் காலுக்குப் பட்டை கட்டிக்கொண்டிருந்தவனிடம் போனேன்.

"சலீமை உங்க டீம்ல இறக்கு."

"பச்சைப் பிள்ளையண்ணே. போலீஸ்காரனுக கால ஒடிச்சிருவானுக."

"பச்சைப் பிள்ளையா இருந்தா அங்க உள்ள விட்டிருப்பாகள்ல. இல்லைன்னுதான வெளிய தள்ளிட்டாக."

அவன் சிரித்துவிட்டான். செயலாளருக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கிருந்தோ ஓடிவந்தார். "பெரியவர்கள் ஆட்டத்தில் சிறுவனா? இதற்கு விதியில் இடமில்லை."

"பெரியவுக ஆட்டத்துக்கு நான் கயிறு கட்டலையேய்யா. எவ்வளவு உசரம் இருக்கணும்னு எங்க எழுதியிருக்கீக, காட்டுங்க."

காட்ட ஒன்றும் இல்லை. கடைசியில் சலீமின் அத்தா. கூட்டத்தில் அவரைத் தேடிப் பிடித்துச் சொன்னதும் முகம் வெளுத்துவிட்டது.

"அண்ணே, அவனுக ஸ்டிக்கு பட்டா எலும்பு மிஞ்சுமா?"

"பட்டா மிஞ்சாது பாய். அவன் மேல பட்டுச்சுன்னா அவன் ஆடத் தெரியாதவன். அப்பறம் பட்டறையில உக்காத்திருங்க."

அவர் மகனைப் பக்கத்தில் கூப்பிட்டார். "அவன் நசீபு, தலையில எழுதுனபடி ஆகட்டும்" என்று சொல்லித் தோள் துண்டால் மகனின் முகத்தைத் துடைத்துவிட்டார்.

இதற்குள் எங்கள் சிறுவர் அணி தோற்றிருந்தது. கொஞ்ச நஞ்சத் தோல்வி இல்லை.

பெரியவர்கள் ஆட்டத்தில் முதலில் சலீம் ஒன்றுமே செய்யவில்லை. பந்து வரும், ஒரு போலீஸ்காரன் தோளால் ஒரு இடி, பந்து போகும். கூட்டம் சிரித்தது. பையனை ஏன் கொல்கிறான் இந்த மூக்கன் என்று என் காதுபடவே பேசினார்கள். பிறகு அவன் இடிக்கு நிற்பதை விட்டுவிட்டான். இடிக்க வருகிறவன் வந்து சேருவதற்கு முன்பே பந்தைக் கொடுக்க ஆரம்பித்தான். அப்புறம் ஒரு காரியம் செய்தான். நடுவில் பந்து அவனிடம் இருக்கிறது. கரி அள்ளுகிற தலைவன் முன்னால் ஓடிக்கொண்டே, "இங்க குடுரா, எனக்குக் குடுரா" என்று கத்துகிறான். அவனைச் சுற்றி இரண்டு போலீஸ். அந்தப் பக்கம் ஓரத்தில், சத்தமே போடாமல், ஒரு மிட்டாய்க் கடைக்காரர் காலியாக நிற்கிறார். சலீம் தன் தலைவனை, தன்னைவிட இரண்டு மடங்கு ஆளை, கண்ணால் பார்த்துவிட்டு, பந்தை மிட்டாய்க் கடைக்காரருக்குத் தள்ளினான். அவர் கோல் போடவில்லை. மேலே அடித்துவிட்டார், மிட்டாய்க் கடைக்காரரிடம் வேறென்ன எதிர்பார்ப்பது. ஆனால் பந்தலில் வாத்தியார் எழுந்து நின்றுவிட்டார்.

ஆட்டம் முடிந்ததும் அவரே கோட்டுக்கு வந்தார். கோலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "கத்துறவனுக்குக் கொடுக்காம ஏன் அவருக்குக் கொடுத்தே தம்பி?" என்று கேட்டார்.

"கத்துனவரச் சுத்தி ஆள் இருந்துச்சு சார். அவருகிட்ட ஆள் இல்ல."

வாத்தியார் சலீமின் அத்தா பக்கம் திரும்பினார். "ஜூன் மாசம் பள்ளிக்கூடம் திறக்கும். கூட்டிட்டு வாங்க."

அவர் ரயிலுக்குப் போய்விட்டார். கப்பு திருமங்கலத்துக்குப் போனது, மாட்டுவண்டியில், தாரை தப்பட்டையோடு. எனக்குத் தெருவில் ஒருத்தனும் ஒரு மாதம் முகம் கொடுக்கவில்லை. கையில் இருந்த கப்பைத் தூக்கிக் கொடுத்துவிட்டேனாம். சலீம் படித்தான், கல்லூரி அணிக்கு ஆடினான், ரயிலில் கார்டு வேலைக்குப் போனான். அதை ஒருத்தனும் கணக்கில் வைக்கவில்லை. கப்பை மட்டும் இன்றுவரை எண்ணுகிறார்கள்.

அடுத்த வருஷம் வேறோர் அணியின் பையன் தலையில் சலங்கை அடித்தது. அவன் உதடு பிதுங்குவதற்குள் எங்கள் பையன்கள் "பெரியாட்டம், பெரியாட்டம்" என்று கத்த ஆரம்பித்தார்கள். அவனைத் தோளில் தூக்கிப்போய்ப் பெரியவர்கள் பக்கம் விட்டார்கள். அதிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. சலங்கை அடித்த பையன் அன்றைக்கே பெரியவர்களோடு ஆடுவான். மொட்டை நின்றது. நெல் மூட்டை நின்றது. சில பையன்கள் எக்கி நடந்து தலையால் கயிற்றை முட்டிப் பார்க்க ஆரம்பித்தார்கள். அதற்கும் நான்தான் குதிகாலைப் பார்க்க ஆள் வைத்தேன்.

இப்போதும் நீங்கள் கயிறு கட்டுகிறீர்கள். சலங்கை அடித்தால் மேளம் தட்டுகிறீர்கள், பையனுக்கு மாலை போடுகிறீர்கள். நல்லது. போன தடவை நான் போயிருந்தேன். மைக்கைப் பிடித்தவர், இந்த முறையை வகுத்தவர் சங்கத்தின் முதல் செயலாளர் என்றும், அவருடைய தொலைநோக்கு என்றும், கால் மணி நேரம் பேசினார். செயலாளர் நல்ல மனுஷர், இப்போது உயிரோடு இல்லை, அவரைக் குறை சொல்லவில்லை. ஆனால் அவர் நோக்கியது ஜாதகத்தை. கயிற்றை ஏற்றச் சொன்னதும் அவர்தான். விதியில் இடமில்லை என்றதும் அவர்தான். அவர் பெயரில் சுழல் கோப்பை. என்னை மேடையில் உட்காரவைத்து, "நமது பழைய மைதானக் காவலர்" என்று ஒரு துண்டு போட்டீர்கள். நான் எந்த மைதானத்தையும் காவல் காக்கவில்லை. மைதானத்தையே நான்தான் போட்டேன்.

ஆகவே தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், பிறகு கேட்கவில்லை என்று சொல்லக்கூடாது. வருகிற போட்டியில் முதல் பையன் கயிற்றுக்கு முன்னால் வந்து நிற்பதற்குள் மைக்கில் சொல்லுங்கள்: இதைக் கட்டியவன் வில்லாபுரம் மூக்கன், தன் பையன் தலையில் இது அடித்தபோதும் அவிழ்க்காதவன். தொலைநோக்கு என்றெல்லாம் சொல்லவேண்டாம், எனக்குப் பக்கத்தில் இருப்பதே சரியாகத் தெரிவதில்லை. பெயரைச் சொன்னால் போதும். முன்வரிசையில்தான் உட்கார்ந்திருப்பேன். சொல்லாவிட்டால் எழுந்துவந்து, எல்லோர் முன்னாலும், முடிச்சை நானே அவிழ்ப்பேன். அந்த முடிச்சு எனக்குத்தான் போடவும் தெரியும், அவிழ்க்கவும் தெரியும்.